தலை, கழுத்து ரத்தம் கீழே இறங்கத் தடுமாறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் ரிப்போர்ட்டையோ, சிரைகளைக் காட்டும் ஸ்கேனான எம்.ஆர். வீனோகிராம் படத்தையோ கையில் வைத்துக்கொண்டு, "கழுத்து நரம்புல அடைப்பாம், என்ன செய்யறது?" என்று கலங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. (அவர்கள் நரம்பு என்பது சிரை என்ற ரத்தக் குழாயைத்தான்.) பெரும்பாலானவர்கள் கோளாறைக் கழுத்தில் தேடுகிறார்கள். அது பெரும்பாலும் கழுத்துக்கு மேலே மண்டைக்குள்ளோ, கீழே நெஞ்சுக்குள்ளோதான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

மாரடைப்பு, பக்கவாதத்தில் சொல்லும் அடைப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே அடைபடுவது தமனி, அதாவது ரத்தத்தைக் கொண்டுவரும் குழாய். இங்கே பேசுவது சிரையைப் பற்றி, அதாவது வேலை முடித்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் குழாயைப் பற்றி. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 700 மில்லிக்குக் குறையாது. உள்ளே போகும் அத்தனையும் அதே வேகத்தில் வெளியே வந்தாக வேண்டும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் போகும் வழியில் துணியை அடைத்த கதைதான். வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும்.

ரத்தம் எந்த வழியாக இறங்குகிறது?

மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்குள் அகன்ற கால்வாய்கள் ஓடுகின்றன. மருத்துவர்கள் அவற்றை வீனஸ் சைனஸ் என்பார்கள் (சளி பிடித்தால் வலிக்கும் சைனஸ் வேறு). உச்சந்தலைக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் கால்வாய், பிடரிக்கு மேலே வலது இடதாகப் பிரிந்து, காதுக்குப் பின்னால் வளைந்து இறங்கி, கழுத்தின் இரு பக்கமும் உள்ள ஜுகுலர் சிரைகளில் சேர்கிறது. நெஞ்சுக்குள் போனதும் கைகளிலிருந்து வரும் சிரைகளும் கூடி, மேற்பெருஞ்சிரை என்ற ஒரே குழாயாகி இதயத்தின் வலப்பக்கம் நுழைகிறது.

படுத்திருக்கும்போது ஜுகுலர் வழியாகத்தான் அதிக ரத்தம் போகிறது. எழுந்து நின்றால் ஜுகுலர் தானாகவே சப்பிக்கொள்ளும், ரத்தம் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலை வழியாக இறங்கும். உட்கார வைத்து டாப்ளர் எடுத்துவிட்டு "ஜுகுலர் ஒடுங்கியிருக்கிறது" என்று எழுதினால் அது நோயாகாது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"இடது டிரான்ஸ்வெர்ஸ் சைனஸ் ஹைப்போபிளாஸ்டிக்" என்று ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பிடரிக்கு மேலே இடப்பக்கம் பிரியும் கால்வாய் பிறவியிலேயே சிறியதாக அமைந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலோருக்கு வலப்பக்கம்தான் பிரதான வழி, இடப்பக்கம் சற்று ஒல்லி. வேறு அறிகுறி எதுவும் இல்லையென்றால் இதை உடம்பின் அமைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படத்தில் ஒல்லியாக இருப்பது பிறவியிலேயே அப்படியா, ரத்தம் உறைந்ததால் அப்படித் தெரிகிறதா என்பதை வெறும் ரிப்போர்ட் வரிகளை வைத்து முடிவு செய்ய முடியாது. புதிதாகக் கடுமையான தலைவலி இருந்தால் படத்தையே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுத்து எலும்புத் தேய்மானத்தால் சிரை நசுங்குமா? உயரத் தலையணையால்?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. ஜுகுலர் சிரை கழுத்தின் முன்பக்கவாட்டில், மெத்தென்ற தசைகளுக்கு நடுவே போகிறது. தேய்மானம் பின்பக்க எலும்பில். அதனால் வலி வரும், கை மரத்துப்போகும். தலையிலிருந்து இறங்கும் ரத்தத்தை அது நிறுத்திவிடாது. திரும்பிப் படுத்ததும் தலை சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் உள்காதில் இருக்கும்.

இரண்டு தலையணை வைத்துத் தலையைத் திருப்பிப் படுத்தால் ஒரு பக்க ஜுகுலர் கொஞ்சம் அமுங்கலாம். மறுபக்கமும் பின்வழியும் சமாளித்துக்கொள்ளும். வாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் கழுத்து நெறிக்கட்டிகளோடு சேர்த்து ஒரு பக்க ஜுகுலரையே வெட்டி எடுக்க நேர்வதுண்டு. அதன் பிறகும் மூளை நன்றாகவே இயங்குகிறது. இரு பக்கமும் எடுத்தால்தான் முகம் வீங்கிப் பல நாள் அவதிப்பட வேண்டியிருக்கும். இதைப் பார்த்த பிறகு தலையணையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. காதுக்குக் கீழே மண்டை ஓட்டிலிருந்து ஊசிபோல் இறங்கும் ஸ்டைலாய்டு எலும்பு சிலருக்கு நீளமாக வளர்ந்திருக்கும். அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் 1937இல் விவரித்ததால் இதை ஈகிள் சிண்ட்ரோம் என்கிறார்கள். அந்த எலும்புக்கும் முதல் கழுத்தெலும்புக்கும் நடுவே ஜுகுலர் சிக்கி நசுங்குவது உண்மைதான், ஆனால் அரிது. ஸ்கேனில் எலும்பு நீளமாகத் தெரிவது மட்டும் போதாது, தொல்லைக்கும் அதுதான் காரணம் என்று உறுதியான பிறகே அறுவை பற்றிப் பேச வேண்டும்.

மண்டைக்குள் சிரை அடைபட முக்கியக் காரணம் என்ன?

ரத்தம் உறைவது. மூளைச் சிரை உறைவு என்ற இந்த நோய் மற்ற பக்கவாதங்களைப்போல முதியவர்களைத் தேடிப் போவதில்லை. இளம் வயதினரை, அதிலும் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. மேல்நாட்டுக் கணக்கில் 100 பக்கவாதங்களில் ஒன்றோ அதற்கும் குறைவோதான். இந்தியாவில் பிரசவத்துக்குப் பின் வருவது ஒரு பெரிய பங்கு. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையின் மருத்துவர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறார்கள்.

பிரசவத்தில் அதிக ரத்தம் போகாமல் தடுக்க உடம்பே உறையும் தன்மையைக் கூட்டிக்கொள்கிறது. அது பழைய நிலைக்குத் திரும்ப ஆறு வாரமாவது ஆகும். அந்த நேரத்தில் ரத்தசோகை இருக்கும், காய்ச்சல் வரலாம், பால் கொடுப்பதால் நீர் தேவையும் கூடும். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்திவிடுகிறோம். பத்திய மருந்தும் பூண்டுக் குழம்பும் இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடவே கூடாது. பாட்டிமார்களோடு சண்டை போடத் தகுந்த விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பிரசவமில்லாத மற்றவர்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, பிறவியில் உறையும் தன்மை கூடுதலாக இருப்பது, இரும்புச்சத்துக் குறைவு, புற்றுநோய், கடுமையான வாந்தி பேதியால் நீர் வற்றுவது என்று பட்டியல் நீளும். ஆண்களிடம் மதுப்பழக்கமும், வைட்டமின் பி12 குறைந்து ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறுவதும் அடிக்கடி தென்படுகின்றன.

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையாலும் வருமா?

வரலாம். ஆடிக் கூழ், கிரகப்பிரவேசம், கல்யாணம், கோயில் திருவிழா என்றால் மருந்துக் கடையில் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை, வழக்கமாக 5 மில்லிகிராம் தினம் மூன்று வேளை எடுக்கப்படுகிறது. அதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்தாகவே மாறுகிறது. இந்த மாத்திரை எடுத்த பிறகு மூளைச் சிரை உறைந்த பெண்களை இந்திய மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். எடுக்கும் எல்லோருக்கும் வராது, வெகு சிலருக்குத்தான். ஆனால் யார் அந்தச் சிலர் என்று கடைக்காரருக்குத் தெரியாது. முன்பு காலிலோ வேறெங்கோ ரத்தம் உறைந்தவர்கள், குடும்பத்தில் இளவயதில் அப்படி வந்தவர்கள் உள்ள பெண்கள், சமீபத்தில் பிரசவமானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

அந்தத் தலைவலியை எப்படி அடையாளம் காண்பது?

நோயாளிகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்குத் தலைவலி இருக்கும். சிலருக்கு இடிபோல் இறங்கும். பலருக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று ஏறிக்கொண்டே போகும், வழக்கமான மாத்திரைக்கு அடங்காது. படுத்தால், இருமினால், முக்கினால் கூடும். வாந்தி, மங்கலான பார்வை, ஒன்று இரண்டாகத் தெரிவது, வலிப்பு, ஒரு கை கால் சோர்வது இவற்றில் எதுவும் சேரலாம்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டவர்களுக்கு இங்கேதான் குழப்பம். முதுகு ஊசித் தலைவலி உட்கார்ந்தால் ஏறும், படுத்தால் இறங்கும். நாலைந்து நாளில் அது தணியாமல், படுத்தாலும் விடாமல் வலிக்கத் தொடங்கினால் "ஊசியால வந்தது, சரியாயிடும்" என்று காத்திருக்கக் கூடாது. சாதாரண சி.டி. ஸ்கேனில் இந்த நோய் தெரியாமல் போவது சகஜம். "ஸ்கேன் நார்மல்" என்று சொன்னாலும் வலி ஏறிக்கொண்டே போனால், சிரைகளைத் தனியாகப் பார்க்கும் வீனோகிராம் வேண்டுமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறது என்கிறார்கள். அப்புறம் ஏன் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்கிறார்கள்?

கேட்பதற்கு முரணாகத்தான் இருக்கும். வழி அடைபட்டு அழுத்தம் ஏறியதால்தான் சிறு குழாய்கள் வெடித்துக் கசிந்தன. அடைப்பை விட்டுவைத்தால் கசிவு கூடும். 1991இல் ஜெர்மனியில் 20 பேரை மட்டும் வைத்து நடந்த ஒரு ஆய்வில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் என்ற மருந்து கொடுத்தவர்கள் தேறினார்கள். அதன் பிறகு, கசிவு இருந்தாலும் ஹெபாரின் என்பதே உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. பிறகு சில மாதங்களுக்கு மாத்திரை. நேரத்தோடு வந்தால் ஐந்தில் நான்கு பேராவது நன்றாகத் தேறுகிறார்கள். சாதாரணப் பக்கவாதத்தைவிட இதில் நம்பிக்கை அதிகம்.

கொரோனா தடுப்பூசி போட்டதால் இனிமேல் வருமா?

2024இல், தன் தடுப்பூசியால் மிக அரிதாக ரத்தம் உறையலாம் என்று ஆஸ்ட்ராஜெனிகா நிறுவனம் ஒப்புக்கொண்ட நீதிமன்ற ஆவணம் செய்தியானபோது நம் ஊரே பதறியது. அந்தத் தடுப்பூசி (இங்கே கோவிஷீல்டு) மிகச் சிலருக்குத் தட்டணுக்களைக் குறைத்து, மூளைச் சிரைகளில் ரத்தத்தை உறையவைத்தது 2021லேயே கண்டறியப்பட்டது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்தது அது. ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கில் வராது.

முகப்பரு, காதில் சீழ், தொண்டை வலி இவற்றாலும் சிரை அடைபடுமா?

அரிதாக, ஆனால் ஆபத்தாக. மூக்கின் இரு பக்கமும் மேலுதடும் சேர்ந்த பகுதியின் சிரைகள் கண் வழியாக மண்டைக்குள் தொடர்புடையவை. அங்கே வரும் கொப்புளத்தை நகத்தால் பிதுக்கினால் கிருமி உள்ளே போய், கண்ணுக்குப் பின்னால் உள்ள கேவர்னஸ் சைனஸ் உறையலாம். கண் பிதுங்கும், இமை வீங்கும், கண்ணை அசைக்க முடியாது. நாள்பட்டு காதில் சீழ் வடிந்தால் காதுக்குப் பின்னால் உள்ள கால்வாய் பாதிக்கப்படும். தொண்டைப் புண் ஆறுவதுபோல் இருந்து, சில நாளில் குளிர்காய்ச்சலோடு கழுத்தின் ஒரு பக்கம் வீங்கி வலித்தால் ஜுகுலரிலேயே கிருமியோடு ரத்தம் உறைந்திருக்கலாம். 1936இல் ஃபிரெஞ்சு மருத்துவர் லெமியேர் விவரித்த நோய் அது. மூன்றுக்குமே மருத்துவமனைதான், கைவைத்தியம் கிடையாது.

காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கிறது, குனிந்தால் தலை கனக்கிறது. என்ன காரணம்?

முகத்தோடு காலும் வீங்கினால் முதலில் சிறுநீரகம், இதயம், தைராய்டு இவற்றைப் பார்ப்பார்கள். கால் சாதாரணமாக இருந்து முகம், கழுத்து, கைகள் மட்டும் வீங்கினால், சட்டைக் காலர் திடீரென இறுக்கமானால், மார்பின் மேல் நீலச் சிரைகள் கொடிபோல் படர்ந்தால் மேற்பெருஞ்சிரை அமுங்குகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். 1757இல் வில்லியம் ஹன்டர் இதை முதலில் எழுதியபோது காரணம், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியின் வீக்கம். இன்று பெரும்பாலும் நுரையீரல் புற்றுநோய் அல்லது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். பேஸ்மேக்கர் கம்பி, நெஞ்சுக்குள் விட்ட மருந்துக் குழாய் இவற்றாலும் வருகிறது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் பல வாரம் இருந்தவர்களுக்கு உள்ளே சிரை சுருங்கி, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) போட்ட பக்கத்துக் கையும் முகமும் வீங்குவதைச் சிறுநீரக மருத்துவர்கள் நிறையப் பார்க்கிறார்கள். ஃபிஸ்டுலாவைக் காலத்தோடு போட்டுக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தைராய்டு கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி வளர்ந்திருந்தாலும் இதே கதை. அதற்கு 1946இல் பெம்பர்டன் என்ற மருத்துவர் சொன்ன சோதனை இன்றும் நடக்கிறது. இரண்டு கைகளையும் காதை ஒட்டி மேலே தூக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்வார்கள். கட்டி இருந்தால் நெஞ்சின் மேல்வாசல் அடைபடும். முகம் முதலில் சிவந்து, பிறகு கருநீலமாகி, மூச்சுத் திணறும். கையை இறக்கியதும் சரியாகும். வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

கழுத்தில் நரம்பு புடைத்துத் தெரிகிறது. அடைப்பா?

பாடும்போது, முக்கும்போது, கத்திச் சண்டை போடும்போது புடைத்தால் ஒன்றுமில்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் புடைத்தே இருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவர் உங்களைக் கட்டிலில் 45 டிகிரி சாய்த்துப் படுக்கவைத்து, முகத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பி, வலது கழுத்தில் பக்கவாட்டில் டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பது இதற்குத்தான். தோலுக்கு அடியில் ஒரு துடிப்பு இரட்டையாகத் துள்ளும். விரல் வைத்தால் தட்டுப்படாது, கண்ணுக்குத்தான் தெரியும். அதன் உச்சி நெஞ்செலும்பு முடிச்சுக்கு மேல் 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் இதயத்தின் வலப்பக்க அழுத்தம் கூடியிருக்கிறது. இதயம் தளர்ந்திருக்கலாம். நம் நாட்டில் காசநோயால் இதய உறை இறுகிப்போவதும் ஒரு காரணம். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நேராக டாப்ளருக்கு எழுதிக்கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது என் ஆதங்கம்.

ராத்திரி காதுக்குள் "உஸ்... உஸ்..." என்று நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்கிறது. இதுவும் சிரைதானா?

இருக்கலாம். அந்தப் பக்கக் கழுத்தை மெல்ல அழுத்தினால் சத்தம் நின்றால் சிரைச் சத்தம் என்று சந்தேகிப்பார்கள். உடல் பருமனான இளம்பெண்களுக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறும் ஒரு நோய் உண்டு. அதில் இந்தச் சத்தமும் தலைவலியும், குனிந்து நிமிரும்போது கண் ஒரு நொடி இருட்டுவதும் வரும். இவர்களில் பெரும்பாலோருக்குப் பிடரிக்கு மேலுள்ள கால்வாய் சுருங்கியிருக்கும். முகப்பருவுக்கு எடுக்கும் டாக்சிசைக்ளின், வைட்டமின் ஏ வகை மருந்துகளும் இதைத் தூண்டலாம். கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தாலே பார்வை நரம்பு வீங்கியிருப்பது தெரியும். எடை குறைப்பதும் அசிட்டசோலமைடு மாத்திரையும் முதல் சிகிச்சை. அலட்சியம் செய்தால் பார்வை போகும். சுருங்கிய கால்வாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் குழாய் சிலருக்கு மட்டும்.

கழுத்துச் சிரையில் பலூன் வைத்து விரித்தால் நரம்பு நோய்கள் குணமாகும் என்கிறார்களே?

பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் இத்தாலியின் ஃபெராரா நகர மருத்துவர் பாவ்லோ சம்போனி, மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் கழுத்துச் சிரைகள் சுருங்குவதால்தான் வருகிறது என்றார். கனடாவிலிருந்து நோயாளிகள் போலந்துக்கும் இந்தியாவுக்கும் பறந்து வந்து பலூன் சிகிச்சை செய்துகொண்டார்கள். 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2013இல் கனடா ஆய்வு ஒன்று பார்த்தபோது, நோயாளிகளில் 74 சதவீதம் பேருக்குச் சிரை சுருங்கியிருந்தது. ஆரோக்கியமானவர்களிடமும் 70 சதவீதம்! 2017இல் சம்போனியே நடத்திய ஆய்வும் பலனில்லை என்றுதான் முடித்தது. படத்தில் சுருக்கம் தெரிந்தால் அதுதான் நோய் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சிரசாசனம், இறுக்கமான டை, சலூனில் நெட்டி முறிப்பது?

தலைகீழாக நின்றால் கண்ணுக்குள் அழுத்தம் இரு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்டார்கள். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குச் சிரசாசனம் வேண்டாம். இறுக்கமான டையும் கண் அழுத்தத்தைச் சற்று ஏற்றும், தளர்த்தினால் போயிற்று. நெட்டி முறிப்பதில் பயப்பட வேண்டியது சிரைக்காக அல்ல, தமனிக்காக. அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். தலைவாரி முடித்த கையோடு சலூன்காரர் கழுத்தைப் பிடித்தால் "வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

புவியீர்ப்பே இல்லாவிட்டால் ரத்தம் எப்படி இறங்கும்?

பள்ளி மாணவர்கள் கேட்கும் நல்ல கேள்வி. சரியாக இறங்காது. விண்வெளி நிலையத்தில் 11 பேரைச் சோதித்ததில் 6 பேருக்கு இடது ஜுகுலரில் ரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது என 2019இல் தெரியவந்தது. ஒருவருக்கு உறைந்தே போனது. நிலையத்தில் கையிருப்பில் இருந்த ஊசி மருந்தை அங்கேயே போட்டுக்கொண்டார், பிறகு பூமியிலிருந்து மாத்திரை அனுப்பினார்கள்.

எந்த மருத்துவரிடம் போவது?

தலைவலி, பார்வைக் கோளாறு, வலிப்பு என்றால் நரம்பியல். அதுவும் அவசரப் பிரிவுக்கு. முகமும் கழுத்தும் வீங்கினால் முதலில் பொது மருத்துவர். அவர் கழுத்தைப் பார்த்து, எக்ஸ்ரே, எக்கோ, தேவைப்பட்டால் நெஞ்சுக்கு சி.டி. எடுப்பார். போகும்போது கடைசி மூன்று மாதத்தில் விழுங்கிய எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். மாதவிலக்கு மாத்திரை, கருத்தடை மாத்திரை, முகப்பரு மாத்திரை எதையும் "அதெல்லாம் எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். கருச்சிதைவோ பிரசவமோ ஆகியிருந்தால் தேதியோடு சொல்லுங்கள்.